எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஆன்டிபாடி ஏன் இவ்வளவு கூடுகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக இங்கே போட்டுவிடுகிறேன். அண்ணனுக்கு இரண்டு மாதத்துக்கு முன்பு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. சிடி4 (எச்.ஐ.வி. தாக்குகிற எதிர்ப்புச் சக்தி செல்) எண்ணிக்கை 180. மாத்திரை தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. இப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தப் புரதம் 9.4, அல்புமின் 3.4, குளோபுலின் 6.0, ஐஜிஜி 3200. "எதிர்ப்புச் சக்தி போய்விட்டது என்கிறார்கள், ஆன்டிபாடி இரண்டு மடங்கு இருக்கிறது என்கிறது ரிப்போர்ட். எதை நம்புவது? டாக்டர் எலக்ட்ரோபோரசிஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார், அது புற்றுநோய் டெஸ்ட் என்கிறார்களே? இதைக் குறைக்க மருந்து உண்டா? தடுப்பூசி போடலாமா?"

இரண்டையுமே நம்புங்கள். உங்கள் அண்ணனின் ரத்தத்தில் ஆன்டிபாடி நிறைய இருக்கிறது. அதில் அவருக்கு உதவக்கூடிய பங்கு மிகக் குறைவு. சிகிச்சை இல்லாமல் சில வருடம் ஓடிவிட்ட எச்.ஐ.வி.யில் இது அடிக்கடி பார்க்கிற விஷயம். ஆய்வகத்தில் பல வருடமாக இந்த மாதிரி ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட்டு வருகிறேன். குளோபுலின் ஏறியிருப்பதைப் பார்த்து "உடம்பு நன்றாகத்தான் போராடுகிறது" என்று நினைத்து மாத்திரையைத் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே எண்ணைப் பார்த்து ரத்தப் புற்றுநோய் என்று பயந்து தூக்கம் கெட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் எண்கள். ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கிற வெளிர் மஞ்சள் நீர்தான் சீரம். அதில் டெசிலிட்டருக்கு 6 முதல் 8 கிராம் வரை புரதம் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் அல்புமின். மீதி எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குளோபுலின் என்று பெயர். அந்தக் குளோபுலினில் ஒரு பகுதிதான் ஆன்டிபாடி, பள்ளிப் புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று படித்திருப்போம். மொத்தப் புரதத்தில் அல்புமினைக் கழித்து வருவது 4 கிராமைத் தாண்டினால் மருத்துவர்கள் காரணம் தேடுவார்கள். அப்படித் தேடும்போது முதலில் நினைவுக்கு வருபவை எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் சி, நாள்பட்ட ஈரல் நோய், மைலோமா என்கிற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். வேறு எதற்கோ எடுத்த சாதாரணப் பரிசோதனையில் இந்த இடைவெளி கண்ணில் பட்டு, அதன் வழியாகவே எச்.ஐ.வி. தெரியவந்தவர்களும் உண்டு. அண்ணனுக்கு அது 6. காரணம் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஐஜிஜி என்பது ஆன்டிபாடியில் ஒரு வகை, அளவில் மிகப் பெரியது. பெரியவர்களுக்குச் சுமாராக 700 முதல் 1600 மில்லிகிராம் வரை இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லை கொஞ்சம் மாறும். ஐஜிஏ, ஐஜிஎம் என்று இன்னும் இரண்டு முக்கிய வகைகள். ஐஜிஎம் ஒரு கிருமி நுழைந்ததும் அவசரமாக வருவது. ஐஜிஏ குடல், மூச்சுக்குழாய் போன்ற ஈரப் பரப்புகளைக் காப்பது. எச்.ஐ.வி.யில் மூன்றுமே ஏறலாம், ஆனால் ஐஜிஜிதான் தூக்கலாகத் தெரியும். நோய் முற்றும்போது ஐஜிஏவும் சேர்ந்து ஏறும். சிடி4 மிகவும் விழுந்தவர்களில் சிலருக்கு, ஒவ்வாமையோடு தொடர்புள்ள ஐஜிஇ கூட உயர்ந்திருக்கும்.

சரி, ஏன் ஏறுகிறது?

ஆன்டிபாடியைச் சுரப்பவை பி செல்கள். எச்.ஐ.வி. குறிவைப்பது அவற்றை இல்லை. சிடி4 என்று எண்ணிச் சொல்கிறோமே, அந்த உதவி டி செல்களைத்தான் அது தாக்குகிறது. ஒழுங்கான உடலில் இந்த இரண்டும் நிணநீர் முடிச்சுக்குள் சந்திக்கின்றன. ஒரு பி செல் ஏதோ ஒரு கிருமியின் துண்டைப் பிடித்துக்கொண்டு வந்து காட்டும். அதைச் சரிபார்க்கும் டி செல் "இது வேண்டியதுதான், பெருகு" என்று அனுமதி தரும். அந்த அனுமதியோடு பி செல் பெருகி, தன் ஆன்டிபாடியைத் திரும்பத் திரும்பத் திருத்தி, கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்படி கூர்மையாக்கிக்கொள்ளும். ஐஜிஎம் செய்துகொண்டிருந்தது ஐஜிஜிக்கு மாறும். வேலை முடிந்ததும் பெரும்பாலானவை இறந்துபோகும். சில மட்டும் நினைவுச் செல்களாகப் பல வருடம் தங்கும். தட்டம்மை ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராமல் காப்பது இந்த ஏற்பாடுதான்.

எச்.ஐ.வி. இந்தச் சந்திப்பையே கெடுத்துவிடுகிறது. நிணநீர் முடிச்சில் பி செல்லுக்கு அனுமதி தருவதற்கென்றே இருக்கும் டி செல்கள் வைரஸ் ஒளிந்திருக்கும் இடங்களில் ஒன்று. ஆரம்ப வருடங்களில் அவற்றின் எண்ணிக்கை முடிச்சுக்குள் கூடக்கூடச் செய்யும். ஆனால் அவை தருகிற உதவி தரம் கெட்டதாக இருக்கும். பி செல் பெருகும், சுரக்கும். கூர்மையாகாது, நல்ல நினைவையும் விட்டுச் செல்லாது. எச்.ஐ.வி. வந்தவர்களுக்கு ஆரம்பத்தில் கழுத்திலும் அக்குளிலும் நெறிகட்டி மாதக்கணக்கில் வற்றாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நடக்கும் இந்தக் கலவரம்தான் வெளியே கையில் தட்டுப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் கடைசியில் முடிச்சின் உள்ளமைப்பே சிதைந்துபோகும்.

இது புதிதாகத் தெரிந்த செய்தி இல்லை. எய்ட்ஸ் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை 1981 ஜூனில் அமெரிக்காவில் வெளிவந்தது. வைரஸ் எது என்று தெளிவாகும் முன்பே, 1983இல், அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கிளிஃபர்ட் லேன், ஆன்டனி ஃபௌச்சி குழுவினர் அந்த நோயாளிகளின் பி செல்களை எடுத்துப் பார்த்தார்கள். யாரும் தூண்டாமலேயே அவை ஆன்டிபாடியைச் சுரந்துகொண்டிருந்தன. புதிதாக ஒரு பொருளைக் கொடுத்துத் தூண்டினால் பதில் வரவில்லை. ஓயாமல் வேலை செய்யும், ஆனால் சொன்ன வேலையைச் செய்யாது. நாற்பது வருடத்துக்குப் பிறகும் உங்கள் அண்ணனின் ரிப்போர்ட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

யாரும் தூண்டாமல் என்று சொன்னேன். உண்மையில் தூண்டல் பல பக்கங்களிலிருந்து வருகிறது. முதலாவது எச்.ஐ.வி.யே. ஒவ்வொரு நாளும் கோடிக்கணக்கில் புதிய வைரஸ்கள் உருவாகின்றன, அவற்றுக்கு எதிராகவே கணிசமான ஆன்டிபாடி சுரக்கிறது. வைரஸின் சில புரதங்கள் பி செல்லை நேரடியாகவும் சீண்டுகின்றன.

இரண்டாவது காரணம் குடல். எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது இதுதான், நிறையப் பேருக்கு இது தெரியாது. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே எச்.ஐ.வி. மிக அதிகமாக அழிப்பது குடல் சுவரில் இருக்கும் சிடி4 செல்களைத்தான். ரத்தத்தில் எண்ணிக்கை இன்னும் பார்க்க நன்றாக இருக்கும்போதே குடலில் பெரும் சேதம் நடந்து முடிந்திருக்கும். காவல் போன சுவர் லேசாகக் கசியத் தொடங்குகிறது. குடலுக்குள் வாழும் பாக்டீரியாக்களின் துணுக்குகள் ரத்தத்தில் சேர்கின்றன. நோய் என்று சொல்லும் அளவுக்கு இருக்காது, ஆனால் நாள் முழுக்க, வருடம் முழுக்க ஒழுகிக்கொண்டே இருக்கும். இதை 2006இல் வெளிவந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது. அந்தத் துணுக்குகளைப் பார்க்கும் பி செல்கள் டி செல்லின் அனுமதிக்காகக் காத்திருக்காமலேயே விழித்துக்கொள்ளக்கூடியவை. வீக்கத்தைத் தூண்டும் வேதிச் செய்திகளும் கூடவே பெருகுகின்றன. அவற்றில் சில, பி செல் சாக வேண்டிய நேரத்தில் அதைச் சாகவிடாமல் வைத்திருக்கின்றன.

மூன்றாவது, உடம்பில் முன்பிருந்தே உறங்கும் வேறு வைரஸ்கள். எப்ஸ்டீன்-பார் வைரஸ் நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு, அது குடியிருப்பதே பி செல்லுக்குள்தான். அதை அடக்கி வைக்கும் டி செல்கள் பலவீனமானால் அது தலைதூக்கும். பின்னால் லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய் பற்றிச் சொல்லும்போது இது திரும்ப வரும்.

இப்படி வருடக்கணக்கில் சீண்டப்பட்ட பி செல்கள் களைத்துப்போகின்றன. களைப்பு என்பது நான் வசதிக்காகச் சொல்லும் சொல் இல்லை, ஆராய்ச்சியாளர்களே இந்தச் செல்களுக்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். வைரஸ் அடங்காதவர்களின் ரத்தத்தில் இத்தகைய களைத்த செல்கள் கூடுகின்றன. அமைதியாகக் காத்திருந்து தேவைப்படும்போது எழவேண்டிய நினைவுச் செல்கள் குறைகின்றன. சின்ன வயதில் போட்ட தடுப்பூசியின் பாதுகாப்பு மற்றவர்களைவிட வேகமாகக் கரைவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஐஜிஜி ரத்தத்தில் சுமார் மூன்று வாரத்தில் பாதியாகக் குறையும். மற்ற புரதங்களோடு ஒப்பிட்டால் இது நீண்ட காலம். அழிந்துபோகாமல் அதைக் காப்பாற்றித் திரும்ப ரத்தத்தில் விட ஒரு ஏற்பி இருக்கிறது. அந்த ஏற்பியின் எண்ணிக்கைக்கு ஓர் அளவு உண்டு. ரத்தத்தில் ஐஜிஜி மிதமிஞ்சிப் போனால் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்காது, அழியும் வேகம் கூடும். எது பயனுள்ளது, எது வீண் என்று அந்த ஏற்பிக்குத் தெரியாது. தட்டம்மைக்கு எதிரான நல்ல ஆன்டிபாடியும் அந்த நெரிசலில் சேர்ந்தே அழிகிறது. அதிகம் இருப்பதாலேயே தேவையானது குறைவதும் இப்படி நடக்கிறது.

ஐஜிஜிக்குள்ளும் நான்கு உட்பிரிவுகள் உண்டு. எச்.ஐ.வி.யில் ஏறுவது பெரும்பாலும் முதல் பிரிவும் மூன்றாம் பிரிவும். இரண்டாம் பிரிவு பலருக்குக் குறைந்தே இருக்கும். மொத்த எண்ணில் இது தெரியவே தெரியாது. ஆனால் சர்க்கரை உறை போர்த்திய பாக்டீரியாக்களை, குறிப்பாக நிமோனியா தரும் நியூமோகாக்கஸை, எதிர்கொள்வதில் அந்த இரண்டாம் பிரிவுக்குப் பெரிய பங்கு. ஐஜிஜி 3000ஐத் தாண்டியவர் சாதாரண பாக்டீரியா நிமோனியாவில் திரும்பத் திரும்ப விழுவதைப் புரிந்துகொள்ள இது உதவும். ஒரே வருடத்தில் இரண்டு முறையோ அதற்கு மேலோ நிமோனியா வருவதை 1993இல் அமெரிக்க வரையறையில் எய்ட்ஸ் அடையாள நோய்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

எச்.ஐ.வி.க்கு எதிரான ஆன்டிபாடி மட்டும் என்ன சாதிக்கிறது என்று கேட்கலாம். அது நிறையவே இருக்கிறது. 1985 முதல் புழக்கத்தில் இருக்கும் எலைசா டெஸ்ட் பிடிப்பது அதைத்தான். "பாசிட்டிவ்" என்றால் ஆன்டிபாடி இருக்கிறது என்று பொருள். ஆனால் வைரஸைச் செயலிழக்கச் செய்யக்கூடிய ஆன்டிபாடி உருவாகவே மாதங்கள் பிடிக்கும். அதற்குள் வைரஸ் தன் மேலுறையை மாற்றிக்கொண்டுவிடும். உடல் புதிய உறைக்கு ஏற்பத் தயாராகும்போது வைரஸ் அதையும் மாற்றியிருக்கும். சில வருடத் தொற்றுக்குப் பிறகு 10 முதல் 30 சதவீதம் பேருக்குப் பலவகை எச்.ஐ.வி.யையும் முடக்கும் ஆன்டிபாடி உருவாகிறது. அவரவர் உடலில் இருக்கும் வைரஸ் அதையும் தாண்டிப் போயிருக்கும் என்பதால் அவர்களுக்கு அதனால் நோய் தீர்வதில்லை. தடுப்பூசி ஆராய்ச்சிக்கோ அந்த ஆன்டிபாடிகள் பெரிய நம்பிக்கை.

அடுத்து எலக்ட்ரோபோரசிஸ். பயப்பட வேண்டாம், அது புற்றுநோய்க்கு மட்டுமான டெஸ்ட் இல்லை. சீரத்தில் ஒரு துளியை ஜெல் மீது வைத்து மின்சாரம் பாய்ச்சினால் புரதங்கள் தத்தம் மின்னூட்டத்துக்கு ஏற்ப வெவ்வேறு தூரம் ஓடும். சாயம் ஏற்றிப் பார்த்தால், முன்னால் ஓடிய அல்புமின் அடர்த்தியான பட்டையாக ஒரு முனையில் நிற்கும். நடுவில் சில மெல்லிய பட்டைகள். மறுமுனையில், புறப்பட்ட இடத்துக்கு அருகே, ஆன்டிபாடிகள் மங்கலாகப் பரவிக் கிடக்கும். எச்.ஐ.வி. உள்ளவரின் ஜெல்லில் அந்த மறுமுனை முழுதும் மை கொட்டித் துடைத்த மாதிரி அகலமாகக் கறுத்திருக்கும். வரைபடமாகப் பார்த்தால் அகன்ற மணல்மேடு. ஆயிரக்கணக்கான வெவ்வேறு பி செல்கள் வெவ்வேறு ஆன்டிபாடியைச் சுரப்பதால் அப்படிப் பரவுகிறது. மைலோமாவில் ஒரே ஒரு செல்லின் வாரிசுகள் பெருகி, அச்சு அசலாக ஒரே ஆன்டிபாடியைக் கொட்டும். அவை எல்லாம் ஒரே இடத்தில் போய் நிற்பதால் மெல்லிய கோடு விழும். வரைபடத்தில் ஊசி மாதிரி எழும்.

எச்.ஐ.வி.யில் நடுத்தரமான தோற்றமும் உண்டு. அகன்ற மேட்டின் மேல் இரண்டு மூன்று சின்னக் கோடுகள் தெரியலாம். வழக்கத்தைவிடக் குறைந்த வயதிலேயே ஒற்றைக் கோடும் தெரியலாம். பல சமயம் அது எச்.ஐ.வி.க்கு எதிரான ஆன்டிபாடியாகவே இருந்து, மாத்திரையால் வைரஸ் அடங்கியதும் மங்கிவிடும். அதனால் ஒரு கோடு தெரிந்தாலும் உடனே முடிவுக்கு வராமல் சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். ரத்தசோகை, எலும்பு வலி, சிறுநீரகப் பாதிப்பு, கால்சியம் உயர்வு சேர்ந்திருந்தால் மட்டும் காத்திருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கம் லிம்போமா. ஓயாமல் பெருகும் பி செல்லில் பிழை நேரும் வாய்ப்பு அதிகம், எப்ஸ்டீன்-பார் வைரஸும் சேர்ந்துகொள்ளும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு பி செல் லிம்போமா கூடுதலாக வருவதற்கு இந்தத் தூண்டுதல் ஒரு முக்கியக் காரணம். காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு, ஒரே பக்கம் வேகமாக வளரும் கட்டி என்று ஏதாவது வந்தால் குளோபுலின் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். காசநோயும் இதே அறிகுறிகளோடு வரும் என்பதால் அதையும் சேர்த்தே தேடுவார்கள்.

இனி, ஆய்வகத்தில் இருப்பவனாக எனக்கு அக்கறை அதிகமுள்ள பகுதிக்கு வருகிறேன். ஆன்டிபாடி கலைந்து கிடக்கும் உடலில், ஆன்டிபாடியை நம்பிச் செய்யும் டெஸ்ட்டுகள் எல்லாமே ஏமாற்றக்கூடும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். எச்.ஐ.வி. உள்ள ஓர் இளைஞருக்கு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பழுப்புத் திட்டுகள். பார்த்த மருத்துவருக்கு சிபிலிஸ் என்கிற பால்வினை நோய் சந்தேகம். ஆர்பிஆர் டெஸ்ட் எங்களிடம் வந்தது. வெள்ளை அட்டையில் வட்டம் போட்டிருக்கும். ஒரு துளி சீரம், அதன்மேல் கரித்தூள் கலந்த ஒரு துளி மருந்து, எட்டு நிமிடம் சுழற்ற வேண்டும். ஆன்டிபாடி இருந்தால் கரித்தூள் திட்டுத் திட்டாகக் கூடும், இல்லையென்றால் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். அன்று வட்டம் சாம்பலாகத்தான் இருந்தது. நெகட்டிவ் என்று எழுதி அனுப்பினோம். அரை மணி நேரத்தில் மருத்துவர் கூப்பிட்டார்: "சீரத்தை நீர்த்துப் பாருங்கள்." திரும்ப அட்டையை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது அந்தச் சாம்பலில் ஒரு சொரசொரப்பு இருந்தது, முதலில் நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். பதினாறு மடங்கு நீர்த்ததும் கரித்தூள் கண்ணெதிரே திரண்டது. 256 மடங்கு நீர்த்த பிறகும் திரண்டது. ஆன்டிபாடி மிதமிஞ்சி இருந்தால் ஒவ்வொரு துகளையும் தனித்தனியே போர்த்திவிடும், துகளோடு துகள் சேர்ந்து வலையாவதற்கு வழி இருக்காது. இல்லாதது போலத் தெரிந்தது, மிக அதிகமாக இருந்ததால். அன்று முதல் எச்.ஐ.வி. என்று குறிப்பு உள்ள எந்த ஆர்பிஆரையும் நீர்க்காமல் நான் நெகட்டிவ் என்று எழுதியதில்லை.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். கண்டபடி சுரக்கும் ஆன்டிபாடிகளில் சில, சம்பந்தமே இல்லாமல் டெஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பொய்யாக பாசிட்டிவ் காட்டும். ஆர்பிஆரில் குறைந்த அளவில் பாசிட்டிவ் வந்தால் சிபிலிஸ் கிருமிக்கென்றே உள்ள வேறு டெஸ்ட்டால் உறுதி செய்யாமல் யாரையும் நோயாளியாக்கக் கூடாது. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர், லூபஸுக்குப் பார்க்கும் ஏஎன்ஏ இரண்டும் நோயே இல்லாமல் லேசாக பாசிட்டிவ் ஆகலாம். சில சமயம் சொந்த உடலுக்கு எதிரான ஆன்டிபாடி உண்மையிலேயே தீங்கு செய்யும். பிளேட்லெட்டுகளை அழித்து அவற்றின் எண்ணிக்கையைத் தாழ்த்துவது எச்.ஐ.வி.யில் நன்கு அறியப்பட்ட சிக்கல், எச்.ஐ.வி. தெரியவருவதற்கு முன்பே ஈறில் ரத்தக்கசிவாகவோ தோலில் சிவப்புப் புள்ளிகளாகவோ அது வெளிப்படலாம். சிவப்பணுக்கள் அடியில் படியும் வேகத்தைக் காட்டும் ஈஎஸ்ஆர் பெரும்பாலும் எகிறியே இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணுக்கள் அடுக்கிய நாணயங்கள் போல ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும், அந்த அடுக்குகள் கனமாகிச் சீக்கிரம் அடியில் படிந்துவிடும். அதை மட்டும் வைத்து எந்த முடிவும் சொல்ல முடியாது.

சிடி4 மிகவும் விழுந்தவர்களிடம் இதற்கு நேர்மாறான ஏமாற்று ஒன்று உண்டு. ஹெப்படைட்டிஸ் சி உண்மையிலேயே இருந்தும் அதற்கான ஆன்டிபாடி உருவாகாமல் டெஸ்ட் நெகட்டிவ் வரலாம், குறிப்பாக சிடி4 100க்குக் கீழே. ஈரல் நொதிகள் காரணமில்லாமல் உயர்ந்திருந்தால் வைரஸின் ஆர்என்ஏவையே தேட வேண்டும். கிரிப்டோகாக்கஸ் என்கிற பூஞ்சைக்கு ஆன்டிபாடி பார்ப்பதில்லை, பூஞ்சையின் உறைப்பொருளையே ரத்தத்தில் தேடுகிறோம். டாக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணிக்கு ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் அது உடலில் உறங்குகிறது என்று மட்டும் அர்த்தம். அது மூளையில் மறுபடி எழும்போது ஐஜிஎம் ஏறும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

தடுப்பூசி போடலாமா என்று கேட்டீர்கள். போட வேண்டும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி ஆரோக்கியமான பெரியவர்களில் 100க்கு 90 பேருக்காவது பலன் தரும். எச்.ஐ.வி. உள்ளவர்களில் அது கணிசமாகக் குறைவு, பழைய ஆய்வுகள் சிலவற்றில் பாதிக்கும் கீழே. அதனால் இரட்டை அளவில் போடுவதும், கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவைப் பார்ப்பதும் வழக்கம். 10 யூனிட்டுக்கு மேல் வந்தால் பாதுகாப்பு உண்டு. வராவிட்டால் மீண்டும் ஒரு சுற்றுப் போடுவார்கள். இங்கே கவனியுங்கள்: ஐஜிஜி 3200 இருப்பவருக்கு இந்த ஒரு வைரஸுக்கான ஆன்டிபாடி பூஜ்யமாக இருக்கலாம். மொத்த அளவைப் பார்த்து "இவருக்கு ஊசி தேவையில்லை" என்று ஒருபோதும் சொல்ல முடியாது. நியூமோகாக்கஸ் ஊசியில் சர்க்கரை உறையைப் புரதத்தோடு பிணைத்த வகையை முதலில் போடுவது நல்லது. வெறும் சர்க்கரை உறைக்குப் பதில் தரத்தான் இவர்களின் பி செல்கள் தடுமாறுகின்றன. ஃப்ளூ ஊசி வருடாவருடம். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளை சிடி4 200க்குக் கீழே இருக்கும்போது போடக் கூடாது. அண்ணனுக்கு 180 என்பதால் அவை மட்டும் காத்திருக்கட்டும். மற்றவற்றை எப்போது தொடங்குவது என்று அவருடைய மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.

ஆன்டிபாடி குறைவாக இருக்கும் எச்.ஐ.வி. நோயாளியும் உண்டா? உண்டு, பெரியவர்களில் அரிது. அப்படி வந்தால் எச்.ஐ.வி.மீது பழியைப் போட்டுவிட்டு நிற்கக் கூடாது. சிறுநீரிலோ குடலிலோ புரதம் வெளியேறுகிறதா, பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்து எடுத்தாரா, பிறவியிலேயே ஆன்டிபாடிக் குறைபாடு உண்டா என்று தேட வேண்டும். பிறவிக் குறைபாடு இருப்பவருக்கு எச்.ஐ.வி. வந்தால் எலைசா நெகட்டிவாகவே இருக்கலாம், வைரஸை நேரடியாகத் தேடும் பிசிஆர்தான் காட்டிக்கொடுக்கும்.

குழந்தைகள் கதை தனி. தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அதில் எச்.ஐ.வி. ஆன்டிபாடியும் போவதால், தொற்றே இல்லாத குழந்தைக்கும் 18 மாதம் வரை ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் காட்டலாம். பிசிஆர் செய்தே முடிவு சொல்ல வேண்டும். தாய்க்கு ஐஜிஜி மிதமிஞ்சி இருந்தால் நஞ்சுக்கொடியில் அதைக் கடத்தும் ஏற்பிகளிலும் அதே நெரிசல்தான். எச்.ஐ.வி. தொற்றாத குழந்தைகளும் தட்டம்மை, டெட்டனஸ் போன்றவற்றுக்கான தாயின் ஆன்டிபாடியைக் குறைவாகப் பெறுவதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. தாய் கர்ப்பத்துக்கு முன்பே சிகிச்சையில் இருப்பது குழந்தைக்கு இந்த வழியிலும் நல்லது. தொற்று உள்ள குழந்தைகளுக்கு 1990களின் தொடக்கத்தில் இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி) ஊசியை மாதாமாதம் ஏற்றிப் பார்த்தார்கள். பாக்டீரியா தொற்று குறைந்தது. ஆனால் கோட்ரைமாக்சசோல் என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் பலன் தெரியவில்லை. இப்போது ஐஜிஜி 400க்குக் கீழே இருக்கும் குழந்தைகள் போன்ற சிலருக்கு மட்டுமே அது.

கடைசியாக, குறைக்க மருந்து உண்டா என்ற கேள்வி. அந்த மருந்தை அண்ணன் ஆறு வாரமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏ.ஆர்.டி. மாத்திரை வைரஸை அடக்கியதும் தூண்டல் தணியும், பி செல்கள் அமைதியாகும், குளோபுலின் மாதக்கணக்கில் படிப்படியாக இறங்கும். ஆறு வாரத்தில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. பழைய ஐஜிஜி கரையவே நேரம் பிடிக்கும். குடல் சுவர் முழுதும் சீராவதில்லை என்பதால், வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, டெஸ்ட்டில் பிடிபடாத அளவுக்கு இறங்கிய பிறகும் சிலருக்கு ஐஜிஜி எல்லைக்குக் கொஞ்சம் மேலேயே வருடக்கணக்கில் நிற்கும். நினைவு பி செல்களும் தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு முழுதாகத் திரும்புவதில்லை. சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு நன்றாகத் தேறுகின்றன. சிடி4 எவ்வளவு இருந்தாலும் உடனே மாத்திரை தொடங்க வேண்டும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னதை இந்தப் பக்கத்திலிருந்தும் நான் மனதார வரவேற்கிறேன். ஆன்டிபாடியைத் தனியாகக் குறைப்பதாகவோ, ரத்தத்தைச் சுத்தம் செய்வதாகவோ, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுவதாகவோ யாராவது எதையாவது கொடுத்தால் வாங்காதீர்கள். தூண்டல் அவருக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது, கண்ட பொடிகள் ஏ.ஆர்.டி. மாத்திரையின் வேலையைக் கெடுக்கவும் கூடும்.

அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் இவற்றைக் கேளுங்கள்: வைரல் லோடு எப்போது பார்ப்பது, சிடி4 200க்குக் கீழே இருப்பதால் கோட்ரைமாக்சசோல் கொடுத்திருக்கிறீர்களா, ஹெப்படைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் டெஸ்ட்டுகள் முடிந்தனவா, சிபிலிஸ் டெஸ்ட்டில் சீரத்தை நீர்த்துப் பார்த்தார்களா. குளோபுலினை மாதாமாதம் பார்த்துக் கவலைப்படத் தேவையில்லை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை பார்த்தால் போதும். வைரல் லோடு நன்றாக அடங்கிய பிறகும் அது இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அப்போது காரணம் தேட வேண்டும்.

எலக்ட்ரோபோரசிஸ் முடிவு வந்ததும், வரைபடத்தில் கடைசியாக இருக்கும் அந்த மேடு அகலமாக இருக்கிறதா, அதன்மேல் கூராக ஏதாவது எழுந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டுப் படத்தை அனுப்பினாலும் சரி, பார்த்துச் சொல்கிறேன்.